புளி சந்தைக்குப் போனது. கொட்டை எங்கே போனது?

மாசி, பங்குனி மாதங்களில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி பக்கம் போகிறவர்கள் ஊருக்கு ஊர் ஒரே காட்சியைக் காணலாம். திண்ணையிலும் மரத்தடியிலும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருப்பார்கள். பழத்தைக் காய வைத்துத் தட்டினால் ஓடு உதிர்ந்துவிடும். பிறகு நாரை உரித்து, கீறி, கொட்டையைப் பிதுக்கி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் புளி குவியும். இன்னொரு பக்கம் ஓடும் கொட்டையும் குவியும். மாலையில் வியாபாரியின் ஆள் தராசுடன் வந்து புளியை நிறுத்து எடுத்துப் போவார். கொட்டையை யாரும் நிறுப்பதில்லை.

திருச்சுழிக்கு அருகில் ஒரு கிராமத்தில் இந்த நிறுவை நடந்துகொண்டிருந்தபோது நாம் உடன் இருந்தோம். வயதான அம்மாள் ஒருவர் வியாபாரியிடம், "அண்ணாச்சி, இந்தக் கொட்டைக்கு என்ன குடுப்பீக?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "கொட்டைக்கா? தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு நீ கூலி குடுக்கணும் தாயி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் புறப்படும்போது அந்தக் கொட்டை மூட்டையையும் அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனார்.

ஒன்றுக்கும் ஆகாத பொருளை யாரும் டீசல் செலவு செய்து ஏற்றிப் போக மாட்டார்கள். அந்தக் கொட்டை எங்கே போகிறது, அதில் என்ன இருக்கிறது, அதில் நம் பங்கு எவ்வளவு என்று விசாரித்ததில் கிடைத்த விவரங்களை இங்கே தருகிறோம்.

மூன்றில் ஒரு பங்கு எடை

நமது மானாவாரிப் பகுதியில் பயிர் வைத்துப் பொய்த்தாலும் பொய்க்காதது புளி. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் கரிசலில் பருத்தியும் மல்லியும் உளுந்தும் போய்விடும். வரப்போரத்திலும் கண்மாய்க் கரையிலும் நிற்கும் புளியமரம் எப்படியோ காய்த்துவிடும். ஆனால் அதன் காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஓராண்டு கொட்டும், மறு ஆண்டு கொஞ்சமாகக் காய்க்கும். சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஏலம் விடப்படுவதும் நமக்குத் தெரிந்ததே. ஏலம் எடுத்தவரிடம் கூலிக்குப் புளி உலுக்குகிறவர்களும் உடைக்கிறவர்களும் நம் ஊர் ஆட்கள்தாம்.

நன்கு முற்றிய புளியம்பழம் 100 கிலோ எடுத்துக்கொண்டால் அதில் சதை ஏறத்தாழ 55 கிலோ, கொட்டை 34 கிலோ, ஓடும் நாரும் 11 கிலோ இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மரத்துக்கு மரம் இது மாறும். சதைப்பற்று மிகுந்த மரத்தில் கொட்டை குறைவாகவும், நாட்டு மரம் சிலவற்றில் கொட்டையே மிகுதியாகவும் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் நாம் மரத்திலிருந்து இறக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு கொட்டைதான்.

கொட்டையை உடைத்தால் மேலே செம்பழுப்புத் தோல், உள்ளே வெள்ளைப் பருப்பு. எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு பருப்பு, கால் பங்குக்குச் சற்று மேல் தோல். இந்த இரண்டிலும் வேறு வேறு சரக்கு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அரைத்தால் ஒன்றையொன்று கெடுத்துவிடும். புளியங்கொட்டைத் தொழிலின் பாதி சூட்சுமம் தோலையும் பருப்பையும் சுத்தமாகப் பிரிப்பதில்தான் இருக்கிறது.

டேராடூனில் தெரிந்த விஷயம்

புளியங்கொட்டையில் பசை உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். தக்காணத்தில் கம்பளி நெய்கிறவர்கள் நூலுக்குப் புளியங்கொட்டைப் பசைதான் ஏற்றினார்கள். ஒரிசாவில் பட்டச்சித்திரம் எழுதுகிறவர்கள் துணிக்கு இந்தப் பசையைப் பூசித்தான் படம் எழுதினார்கள். பஞ்ச காலத்தில் கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊற வைத்து அவித்துத் தின்றதும் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் வேண்டியது புளியமுத்து. ஆனால் இது பெரிய தொழிலாக மாறியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான்.

1942-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டி.பி. கோஸ், எஸ். கிருஷ்ணா என்ற இரு விஞ்ஞானிகள், தோல் நீக்கிய புளியங்கொட்டைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி, அதாவது 46 முதல் 48 சதவீதம், கூழாக உறையும் பொருள் இருக்கிறது என்று அறிவித்தார்கள். அந்த நேரத்தில் நூல் மில்களுக்கும் சணல் ஆலைகளுக்கும் கஞ்சி போட மக்காச்சோள ஸ்டார்ச்சு கிடைக்கவில்லை. புளியங்கொட்டைப் பருப்பு மாவு அந்த இடத்தைப் பிடித்தது. மில்காரர்கள் இன்றும் இதை 'டி.கே.பி. பவுடர்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

பழங்களில் இருக்கும் பெக்டினைப் போல இதுவும் சர்க்கரையோடு சேர்ந்தால் கட்டியாக உறையும். அதனால் முதலில் இதையும் பெக்டின் என்றே அழைத்தார்கள். பிறகுதான் இது வேறு வகைப் பொருள் என்று தெரிந்தது. விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் சைலோகுளுக்கான். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, குணம் தெரிந்தால் போதும். வெந்நீரில் கரைந்து கெட்டியான கூழாகும். ஜாமிலும் சாஸிலும் ஐஸ்கிரீமிலும் தண்ணீர் தனியே பிரிந்து ஓடாமல் பிடித்து வைக்கும். ஜப்பானில் 1960-களிலேயே இதைச் சுத்தம் செய்து உணவுத் தொழிலுக்கு விற்கத் தொடங்கினார்கள். கண்ணில் ஈரம் வற்றிப்போகும் நோய்க்கான சொட்டு மருந்தில் இதைச் சேர்ப்பது பற்றி இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டிருக்கிறார்கள். திருச்சுழித் திண்ணையில் குப்பையாகக் குவிந்தது கண் மருந்துவரை போயிருக்கிறது.

தண்ணீரே போதும்

ஒரு பொருளில் கலந்திருக்கும் சத்தைத் தனியே பிரித்தெடுக்க ஆலைகள் பல வழிகளைக் கையாளுகின்றன. நமக்குத் தெரிந்தது செக்கு, அழுத்திப் பிழிவது. அழுத்தத்துக்கு வராததை ஒரு திரவத்தில் ஊற வைத்துக் கரைத்து, பிறகு அந்தத் திரவத்தை ஆவியாக்கி எடுப்பார்கள். பிண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயை எடுக்க ஹெக்சேன் என்ற திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது பெட்ரோலிலிருந்து கிடைப்பது, எளிதில் தீப்பிடிப்பது. மிளகாய் வற்றலிலிருந்து காரத்தையும் நிறத்தையும் தனியே எடுக்கும் தொழிலும் இப்படித்தான் வளர்ந்தது. கேரளத்தில் கோலஞ்சேரியில் 1972-ல் தொடங்கிய சிந்தைட் ஆலை இந்தத் தொழிலில் பேர் பெற்றது. 'ஒலியோரெசின்' என்று அந்தச் சத்துக்குப் பெயர். ஒரு மூட்டை வற்றலின் காரமும் நிறமும் சில கிலோவில் அடங்கிவிடும்.

இப்போது உலகெங்கும் இந்தத் தொழிலில் ஒரு மாறுதல் வந்திருக்கிறது. பெட்ரோல் வகைத் திரவங்களைக் குறைத்து, தண்ணீர், எரிசாராயம், கரியமிலவாயு ஆகியவற்றைக் கொண்டு பிரிக்க வேண்டும். வீணாகும் பொருளிலிருந்து சத்தை எடுக்க வேண்டும். எடுத்தபின் மிஞ்சும் சக்கையும் வேறொன்றுக்குப் பயன்பட வேண்டும் என்கிறார்கள். பிரான்சு நாட்டு அவிஞ்ஞோன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபரீத் செமா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2012-ல் இதற்கு ஆறு விதிகளை வகுத்தார்கள். 'பசுமை முறைப் பிரிப்பு' என்று இதைச் சொல்லலாம். கம்பளி நெசவாளி கொட்டையைத் தண்ணீரில் காய்ச்சிப் பசை எடுத்ததும் இதே வகைதான். அவருக்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை.

பருப்பு மாவிலிருந்து பசைப் பொருளைப் பிரிக்கும் முறையில் ஒளிவு மறைவு ஏதுமில்லை. பரிசோதனைச் சாலைகளில் 20 கிராம் மாவை 200 மில்லி குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைக்கிறார்கள். அதை 800 மில்லி கொதிநீரில் ஊற்றிக் கிளறி, 20 நிமிடம் கொதிக்க விடுகிறார்கள். இரவு முழுவதும் அசையாமல் வைத்தால் புரதமும் நாரும் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிந்த கூழை எடுத்து, அதைப்போல இரண்டு பங்கு எரிசாராயத்தில் ஊற்றினால் பசைப் பொருள் வெள்ளை நூல் நூலாகத் திரண்டு வரும். அதை வடித்து, உலர்த்திப் பொடி செய்தால் சுத்தமான சரக்கு தயார். எரிசாராயத்தை மறுபடி காய்ச்சி வடித்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. இதை வீட்டில் செய்யலாமா என்று ஆசைப்பட வேண்டாம். ஒரு பங்கு மாவுக்கு 50 பங்கு தண்ணீர் வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைக்கும் ஊர்களில் இது நடக்கிற காரியமா? எரிசாராயம் வாங்கவும் வைத்திருக்கவும் அரசு உரிமம் வேண்டும். இந்தக் கட்டம் ஆலைக்கு உரியது. விவசாயி கையில் இருப்பது அதற்கு முந்திய கட்டம்.

தோலில் என்ன இருக்கிறது?

பருப்பு மாவு தயாரிக்கும் ஆலைகளுக்குத் தோல் ஒரு தொல்லை. தோல் கொஞ்சம் கலந்தாலும் மாவு சிவந்துவிடும், துவர்க்கும். அதைத் தின்றால் மலச்சிக்கல் வரும். காரணம் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள். கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் இருப்பதும் இதே இனம்தான்.

இந்தத் துவர்ப்பைத்தான் இன்று தேடுகிறார்கள். எண்ணெய்ப் பண்டங்கள் சிக்குப் பிடிக்காமல் காக்கும் குணம் புளியங்கொட்டைத் தோலுக்கு உண்டு என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் எழுதினார்கள். மறு ஆண்டே, கரியமிலவாயுவைக் கொண்டு அந்தச் சத்தைப் பிரித்துக் காட்டினார்கள். சோடா பாட்டிலில் அடைக்கிற அதே வாயுதான். 31 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் அழுத்தினால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு நிலைக்கு வரும். அந்த நிலையில் பொருளுக்குள் புகுந்து சத்தைக் கரைக்கும். அழுத்தத்தை விட்டால் வாயு பறந்துவிடும், சத்து மட்டும் தங்கும். காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனை நீக்க வெளிநாட்டு ஆலைகளில் இம்முறை பழக்கத்தில் இருக்கிறது.

இதில் நமக்கு உதவும் ஒரு செய்தி உண்டு. தாய்லாந்தில் இனிப்புப் புளியின் கொட்டைத் தோலை வைத்து 2004-ல் வெளியான ஆய்வில் மூன்று வழிகளையும் ஒப்பிட்டார்கள். கரியமிலவாயு மட்டும் செலுத்தியபோது கிடைத்தது மிகச் சொற்பம். அதோடு பத்து சதவீதம் எரிசாராயம் சேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது. வெறும் எரிசாராயத்தில் கரைத்து எடுத்ததில் அதைவிடப் பல மடங்கு கிடைத்தது. விலை உயர்ந்த இயந்திரம் என்பதற்காக அதுவே எல்லாச் சரக்குக்கும் சிறந்தது என்று ஆகிவிடாது. 'பசுமைத் தொழில்நுட்ப இயந்திரம், முதல் போட்டால் ஆறு மாதத்தில் லாபம்' என்று யாராவது கிராமத்துக்கு வந்தால் இந்தத் தாய்லாந்து ஆய்வை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தோலின் இன்னொரு பயன் அருப்புக்கோட்டைக்கு நெருக்கமானது. இங்கே நெய்யப்படும் பருத்திச் சேலைக்கு நல்ல பெயர் உண்டு. பருத்தி நூலில் இயற்கைச் சாயம் தானாகப் பிடிக்காது. பிடிப்பானாகப் படிகாரமோ உலோக உப்புகளோ போட வேண்டும். அந்த உப்புகள் சாயக் கழிவோடு கலந்து கிணற்றைக் கெடுக்கும் கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கடுக்காய்த் துவர்ப்பை நூலில் ஏற்றிய பிறகு சாயம் போடுவது பழைய முறை. மும்பை வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பிரபு, தெலி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் புளியங்கொட்டைத் தோலிலிருந்து எடுத்த டானினையும் அதேபோலப் பிடிப்பானாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதன்மேல் மஞ்சள், மாதுளைத் தோல் சாயங்களை ஏற்றினார்கள். சாயம் பிடித்ததோடு, துணிக்கு நுண்கிருமிகளைத் தடுக்கும் குணமும் வந்ததாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள். கொட்டையும் தறியும் ஒரே தாலுகாவில் இருக்கும் ஊர் நம்முடையது. இவை இரண்டையும் சேர்த்துவைக்க ஆள்தான் வேண்டும். இயற்கைச் சாயச் சேலைக்கு வாங்குவோர் குறைவு, விலை அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வறுக்கும் பக்குவம்

கொட்டையை அப்படியே விற்பது ஒரு வழி. தோல் நீக்கிப் பருப்பாக விற்பது அடுத்த படி. இதற்குப் பெரிய ஆலை தேவையில்லை; நான்கைந்து பெண்கள் சேர்ந்த சுய உதவிக் குழு போதும். முக்கியமானது வறுப்பு.

உலர்ந்த கொட்டையை மணலோடு சேர்த்துக் கிளறி வறுக்க வேண்டும். மணல் இருந்தால் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் பிடிக்கும். 150 டிகிரி அளவுச் சூட்டில் கால் மணி நேரம் போதுமானது. தோல் நொறுங்கும் பதம் வந்ததும் இறக்கி ஆற விட்டு, உரலில் இட்டு மெதுவாகக் குத்தினால் தோல் சில்லு சில்லாகக் கழன்றுவிடும். முறத்தில் புடைத்தால் தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். அதிக அளவில் செய்கிறவர்கள் சுழலும் உருளையில் வறுத்து, தோலுடைக்கும் இயந்திரத்தில் விடலாம்.

வறுப்பில் அவசரம் கூடாது. இதை எழுதுகிறவர் வீட்டில் இரண்டு கிலோ கொட்டையை விறகடுப்பில் வறுத்துப் பார்த்தார். சூட்டைக் கவனிக்காமல் பேச்சில் இருந்துவிட்டதால் பாதிக் கொட்டை உள்ளே மஞ்சளாகிக் கருகிவிட்டது. அரைத்துக் கஞ்சி காய்ச்சியபோது நல்ல பருப்பின் மாவு கெட்டியாக வந்தது. கருகியதன் மாவு நீராகவே நின்றது. கூடுதல் சூட்டில் பசைப் பொருள் சிதைந்துவிடுவதுதான் காரணம். மாவு வாங்குகிற ஆலைக்காரர் நிறத்தையும் கஞ்சியின் கெட்டியையும் பார்த்துத்தான் விலை வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், தோல் கழலும் அளவுக்குத்தான் சூடு. பருப்பு வாசனை எழும் அளவுக்குப் போகக் கூடாது. பிள்ளைகள் கொறிக்க வறுக்கும் பதம் வேறு, விற்பனைப் பதம் வேறு.

பருப்பை மாவாக்கி விற்கலாமா என்று கேட்பார்கள். பருப்பு மிகக் கடினமானது. வீட்டு மாவு மில்லில் கொடுத்தால் கல் தேய்ந்துவிடும் என்று மில்காரர் வாங்க மாட்டார். மேலும் அதில் ஆறு முதல் எட்டு சதவீதம் எண்ணெய் இருப்பதால் மாவு நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், நிறமும் மங்கும். பருப்பு முழுதாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆகவே வாங்குபவர் நிச்சயமானபிறகே மாவாக்க வேண்டும்.

கைத்தறி நெசவாளர் யாராவது பாவுக்குக் கஞ்சி போட இதைச் சோதிக்க விரும்பினால், மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகே கொதிக்க வைக்க வேண்டும். நேரே வெந்நீரில் போட்டால் உருண்டை உருண்டையாகக் கட்டிவிடும். இந்தக் கஞ்சி மறுநாளே பூசணம் பிடிக்கத் தொடங்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுவது நல்லது.

மூட்டு வலிக்குக் கொட்டைப் பொடி என்று இப்போது பல இடங்களில் விற்கிறார்கள். மஞ்சளோடு சேர்த்துப் பிரித்தெடுத்த சத்தை வைத்து மூட்டு வலிக்கு ஆய்வுகள் நடந்திருப்பது உண்மை. அவை அளவு கட்டுப்படுத்திய சத்து. உரலில் இடித்த பொடி அதற்குச் சமமாகாது. வைத்தியரைக் கேட்காமல் தின்னவோ, மருந்து என்று சொல்லி விற்கவோ வேண்டாம். உணவுப் பொருளாக விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும்.

லாபம் எவ்வளவு நிற்கும்?

இனிப் பணத்துக்கு வருவோம். கீழே வரும் விலைகள் சந்தை விலை அல்ல. கணக்குப் போடும் வழியைக் காட்ட ஒரு பேச்சுக்குச் சொல்பவை. அந்தந்த வாரம் அருப்புக்கோட்டை, விருதுநகர் கடைகளில் விசாரித்த விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடும் நாரும் நீக்கிய கொட்டைப் புளி 100 கிலோவில் புளி 62 கிலோ, கொட்டை 38 கிலோ இருக்கும். கொட்டைப் புளி கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அப்படியே விற்றால் 4,000 ரூபாய். கொட்டை எடுத்த புளி கிலோ 90 ரூபாய் என்றால் 62 கிலோவுக்கு 5,580 ரூபாய். கொட்டை கிலோ 10 ரூபாய் என்றால் 380 ரூபாய். இரண்டும் சேர்ந்து 5,960. கொட்டை எடுக்கும் கூலி, புளி கிலோவுக்கு 20 ரூபாய் என்றால் 1,240 போய்விடும். மிச்சம் 4,720. கொட்டைப் புளியாக விற்பதைவிட 720 ரூபாய் அதிகம்.

இதில் கொட்டையின் பங்கைத் தனியே பார்க்க வேண்டும். 380 ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் கூலியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை அது தாங்குகிறது. கொட்டையைச் சும்மா விட்டுக் கொடுத்தால் கூடுதல் லாபம் 720-லிருந்து 340 ஆகிவிடுகிறது. புளி விலை விழுந்த ஆண்டில் அந்த 340-ம் நிற்காது. அப்போது கொட்டை எடுத்து விற்பதே நட்டம். வியாபாரி சிரித்துக்கொண்டே ஏற்றிப் போன மூட்டைக்கு அர்த்தம் இப்போது புரியும்.

கொட்டையைப் பருப்பாக்கினால் 38 கிலோவுக்கு 26, 27 கிலோ பருப்பு கிடைக்கும். விறகு, கூலி, உடைந்த பருப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்து, பருப்பு விலை கொட்டை விலையைப் போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் வறுக்கும் வேலையில் இறங்கலாம் என்பது நம் கருத்து. இல்லையென்றால் கொட்டையாகவே விற்றுவிடலாம். இயந்திரம் வாங்கக் கடனோ மானியமோ கிடைக்கும் என்று யாராவது சொன்னால், முதலில் வாங்குகிற ஆலையைத் தேடிப் பிடித்து, ஒரு மூட்டை மாதிரி அனுப்பி, விலையை எழுத்தில் பெற்றபிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு வீட்டில் சேருவது இரண்டு மூட்டை. அதற்கு எந்த ஆலைக்காரரும் லாரி அனுப்ப மாட்டார். ஊரில் இருபது வீடுகள் சேர்த்து ஒரே இடத்தில் குவித்தால், அல்லது வட்டாரத்தில் இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகச் சேர்த்தால், லாரிப் பாரம் ஆகும். அப்போதுதான் விலை பேச வாய் வரும். ஓட்டல்களிலும் ஊறுகாய், புளிக்கரைசல் தயாரிக்கும் இடங்களிலும் ஈரக் கொட்டை கழிவாகக் கிடைக்கிறது. அதையும் சேர்க்கலாம். ஆனால் அதை அன்றே கழுவிக் காய வைக்காவிட்டால் பூசணம் பிடித்து, நல்ல கொட்டையையும் கெடுத்துவிடும்.

புளிக்கே தோட்டம் வைக்க நினைப்பவர்கள் பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 ஒட்டுக் கன்றுகளைக் கேட்டு வாங்கலாம். விதைக் கன்று காய்க்க எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். ஒட்டு நான்காம், ஐந்தாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். சதையும் கூடுதல்.

நிலக்கடலை வைத்திருப்போர் கவனிக்க

கொட்டையைச் சேர்த்து வைக்கச் சொல்லும்போது கூடவே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். புளியங்கொட்டையைத் துளைக்கும் ஒரு வண்டு உண்டு. மரத்தில் பழம் இருக்கும்போதே ஓட்டின்மேல் முட்டை இடும். புழு ஓட்டைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்ப் பருப்பைத் தின்று, பெரிய வட்ட ஓட்டை போட்டு வெளிவரும். இதே வண்டுதான் சேமித்து வைத்த நிலக்கடலைக் காயையும் துளைக்கிறது. களத்திலும் வீட்டிலும் நிலக்கடலைக்கு இந்த வண்டு வந்து சேருவது பெரும்பாலும் பக்கத்துப் புளியமரத்திலிருந்தும் புளி மூட்டையிலிருந்தும்தான். விதைக் கடலை வைத்திருக்கும் அறையில் புளியங்கொட்டை மூட்டையைக் கொண்டுபோய் வைத்தால், கொட்டையில் கிடைக்கும் காசைவிடக் கடலையில் போவது அதிகமாகிவிடும்.

எனவே பழம் கனிந்ததும் தாமதிக்காமல் உலுக்கி எடுக்க வேண்டும். மரத்தடியில் பழைய பழங்களையும் ஓட்டைக் கொட்டைகளையும் விட்டுவைக்காமல் பொறுக்கி எரித்துவிட வேண்டும். எடுத்த கொட்டையில் ஒட்டிய சதையைக் கழுவி, தண்ணீரில் மிதக்கும் துளை விழுந்த கொட்டைகளை அரித்து நீக்கி, மீதியைப் பங்குனி வெயிலில் மூன்று, நான்கு நாள் நன்றாகக் காய வைக்க வேண்டும். கையில் அள்ளிக் குலுக்கினால் கூழாங்கல் போலக் கலகலவென்று சத்தம் வர வேண்டும். புதுச் சாக்கில் கட்டி, தரையில் வைக்காமல் கட்டைமேல் அடுக்கி, கோடை மழைக்கு முன் விற்றுவிடுவது உத்தமம்.

புளி ஒட்டுக் கன்று, வண்டுக் கட்டுப்பாடு பற்றிய விவரங்களை அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளலாம். போகும்போது துளை விழுந்த கொட்டை ஒரு கைப்பிடியைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் சென்றால், பூச்சியைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு வசதியாக இருக்கும்.